பழைய ஏப்ரனும் சப்ஃபிரேமும் வாங்குமுன் வண்டிக்குச் சேருமா என்று பார்ப்பது எப்படி

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி 2014-இல் பதிவான மாருதி ஸ்விஃப்ட் டீசல், வி.டி.ஐ. வகை. முன்பக்க வலது மூலை லாரியின் பின்புறத்தில் மோதியதில் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டமான ரேடியேட்டர் சப்போர்ட் மடங்கி, சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சார்பர் அமரும் உள்தகடான ஏப்ரன் வலதுபக்கம் சுருங்கி, வண்டியின் நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவச் சட்டமான லாங் மெம்பரின் முனை உள்ளே போய், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் சப்ஃபிரேமும் வளைந்துவிட்டது. டிங்கர் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் ஒரு நோஸ் கட், அதாவது வேறொரு வண்டியிலிருந்து வெட்டியெடுத்த முன்பகுதி, பார்த்து வைத்திருக்கிறார். "2011-லேர்ந்து 2017 வரைக்கும் எல்லாம் ஒண்ணுதான் சார், டிசையரும் சேரும், பெட்ரோலா டீசலான்னு பார்க்கவே வேணாம்" என்கிறார் கடைக்காரர். இதை நம்பி வாங்கலாமா, வாங்குவதென்றால் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. போல்ட் துளைகள் சேர்வதைத்தான் அவர் "சேரும்" என்று சொல்கிறார். பெரும்பாலும் அந்த அளவில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் வண்டியின் எலும்புக்கூட்டைச் சேர்ந்த பாகத்துக்குத் துளை சேர்ந்தால் போதாது. சக்கரமும் எஞ்சினும் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் நிற்க வேண்டும். அடுத்த முறை மோதினால் அந்த இரும்பு எப்படி மடங்க வேண்டுமோ அப்படி மடங்க வேண்டும். கதவு, பம்பர், ஹெட்லைட் வாங்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஆகவே கடைக்காரர் சொல்லும் ஆண்டு வரம்பை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாகத்தைத் தேடுவதே தவறு என்று சொல்ல நான் வரவில்லை. 10 ஆண்டு தாண்டிய வண்டிக்கு வழக்கமான முழுக் காப்பீடு இருந்தாலும் உலோகப் பாகங்களின் விலையில் 50 விழுக்காட்டைத் தேய்மானமாகக் கழித்துவிட்டுத்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு வண்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் 50 விழுக்காடு கழிவு உண்டு. மீதியை நீங்கள்தான் போட வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் பழைய பாகத்துக்குப் போவது நியாயமான முடிவுதான். எந்தப் பாகத்தைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று பிரித்துக்கொண்டால் போதும்.

முதலில் தலைமுறையை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியாவில் ஸ்விஃப்ட் 2005-இல் வந்தது; இரண்டாம் தலைமுறை 2011 ஆகஸ்டில் வந்தது; மூன்றாவது 2018 பிப்ரவரியில், ஹார்டெக்ட் என்று சுசூகி அழைக்கும் முற்றிலும் வேறான அடித்தளத்தின் மேல் வந்தது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் முதல் தலைமுறையில் 2390 மில்லிமீட்டர், இரண்டாவதில் 2430, மூன்றாவதில் 2450. பார்வைக்கு அண்ணன் தம்பி போலத் தெரியும் முதல் இரண்டு தலைமுறைகளின் முன்பகுதிகளைக் கடையில் அடுக்கி வைத்திருக்கும்போது பெயின்டும் தூசும் சேர்ந்து குழப்பிவிடும். டிசையரில் குழப்பம் இன்னும் அதிகம். அதன் இரண்டாம் தலைமுறை 2012-இல் வந்தது; 2017 மே மாதமே மூன்றாம் தலைமுறை டிசையர் ஹார்டெக்டுக்கு மாறிவிட்டது, ஆனால் ஸ்விஃப்ட் அந்த ஆண்டு முழுவதும் பழைய அடித்தளத்திலேயே இருந்தது. ஆக, "2017 டிசையர்" என்று ஒருவர் சொன்னால் அது உங்கள் வண்டியின் உறவாகவும் இருக்கலாம், ஒட்டும் உறவும் இல்லாததாகவும் இருக்கலாம். ஆண்டைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இரண்டாம் தலைமுறைக்குள்ளேயே 2014-இன் இறுதியில் முகப்பு மாற்றம் ஒன்று வந்தது. பம்பரும் கிரில்லும் மாறின. உங்கள் வண்டி பதிவான ஆண்டும் அதே 2014 என்பதால் பதிவுச் சான்றில் இருக்கும் உற்பத்தி மாதத்தைப் பாருங்கள். பதிவு தேதி உதவாது. வண்டி ஷோரூமில் நின்றிருந்த மாதங்களும் அதில் சேர்ந்திருக்கும். எலும்புக்கூடு மாறாமல் இருந்தாலும், ரேடியேட்டர் சப்போர்ட்டில் பம்பரைப் பிடிக்கும் பிராக்கெட் போன்ற சிறு சங்கதிகள் இப்படிப்பட்ட நேரத்தில்தான் இடம் மாறும். அது மாறியிருப்பது, எல்லாவற்றையும் வெல்ட் செய்து பெயின்ட் அடித்துப் பம்பர் மாட்டும் அன்றுதான் தெரியவரும்.

அடுத்தது, கடைக்காரர் "பார்க்கவே வேணாம்" என்று தள்ளிவிட்ட பெட்ரோல், டீசல் வேறுபாடு. உங்கள் வண்டியில் இருப்பது 1248 சி.சி. டீசல் எஞ்சின், பெட்ரோல் ஸ்விஃப்டில் இருப்பது 1197 சி.சி. கே வரிசை எஞ்சின். டீசல் வண்டி ஏறத்தாழ 100 கிலோ கூடுதல் எடை, அதில் பெரும்பகுதி முன்பக்கத்திலேயே இறங்குகிறது. இரண்டு எஞ்சின்களும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று ஃபியட்டின் வடிவமைப்பு, மற்றது சுசூகியுடையது. எஞ்சின் தொங்கும் பக்க மவுண்டிங்குகள் லாங் மெம்பர், ஏப்ரன் பகுதியிலும், பின் மவுண்டிங் சப்ஃபிரேமிலும் வந்து பிடிக்கின்றன. ஆகவே வெளி வடிவம் ஒன்றாகவே இருந்தாலும், மவுண்டிங் அமரும் பிடிமானம், அதன் நட்டுகள், உள்ளே வைத்திருக்கும் வலுத்தகடு ஆகியவை ஒன்றுதான் என்று எண் பார்க்காமல் எடுத்துக்கொள்ள முடியாது. துளை சற்றுத் தள்ளியிருந்தால் டிங்கர் அதைத் தோண்டி நீளமாக்கி மாட்டிவிடுவார். வண்டி ஓடும். சில மாதத்தில் கியர் மாற்றும்போது இழுப்பும், நிற்கும்போது அதிர்வும் தொடங்கும். அதன் காரணத்தை யாரும் ஏப்ரனில் போய்த் தேட மாட்டார்கள்.

இதற்கெல்லாம் தீர்வு சேஸ் எண்ணில் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 122 சேஸ் எண்ணும் உற்பத்தி மாதமும் வண்டியில் பதிக்கப்பட வேண்டும் என்கிறது. 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அந்த எண்ணை நிறுவனத்தின் உதிரிபாகக் கவுன்டரில் கொடுத்தால், அவர்கள் கணினியில் இருக்கும் பாகப் பட்டியல், உங்கள் வண்டி எந்த மாதம் எந்த எஞ்சினோடு எந்த வகையாக வெளியே வந்ததோ அதற்கான பாக எண்ணைக் காட்டும். அதேபோல நோஸ் கட் எந்த வண்டியிலிருந்து வெட்டப்பட்டதோ அதன் சேஸ் எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் சப்ஃபிரேம், வலது ஏப்ரன், லாங் மெம்பர், ரேடியேட்டர் சப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் வரும் எண்களைத் தனித்தனியாக ஒப்பிட வேண்டும். நோஸ் கட் என்பது பல பாகங்களின் கூட்டு. அதில் மூன்று சேர்ந்து ஒன்று சேராமல் போவது வழக்கமாக நடப்பதுதான். கவுன்டரில் இருப்பவர்கள் புதிய பாகம் வாங்க வராதவருக்கு இவ்வளவு நேரம் ஒதுக்குவார்களா என்று கேட்பீர்கள். கூட்டமில்லாத மதிய நேரத்தில் போய், போல்ட்டுகளையும் கிளிப்புகளையும் அவர்களிடமே வாங்குவதாகச் சொன்னால் பெரும்பாலும் ஒதுக்குவார்கள். அவற்றை எப்படியும் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

வெல்ட் செய்யும் பாகங்களின் மேல் பாக எண் எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சப்ஃபிரேமில் சில நேரம் ஸ்டிக்கரோ பொறித்த அடையாளமோ இருக்கும், அதுவும் தகடு செய்த சப்ளையரின் குறியாக இருக்கலாம். ஏப்ரனில் அநேகமாக எதுவும் இருக்காது. அதனால்தான் வெட்டப்பட்ட வண்டியின் சேஸ் எண் இவ்வளவு முக்கியமாகிறது. கடைக்காரர் அந்த வண்டியின் ஆர்.சி. நகலையோ, எண்ணையோ தர மறுத்தால், அந்தத் துண்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பாக எண்ணை ஒப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சுசூகி எண்களில் முதல் ஐந்து இலக்கங்கள் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். அடுத்து வரும் இலக்கமும் எழுத்தும் கலந்த தொகுதி, அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காக வரையப்பட்டது என்பதைக் காட்டும். கடைசி இரண்டு இலக்கங்கள் திருத்தங்களைக் குறிக்கும். ஹூண்டாய், டொயோட்டா எண்களிலும் முதல் ஐந்து இலக்கங்கள் பாகத்தின் இனத்தைத்தான் சொல்கின்றன. எனவே முதல் ஐந்து மட்டும் ஒத்துப்போனால் "இரண்டும் சப்ஃபிரேம்தான்" என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மாறியிருந்தால் பழைய எண்ணுக்குப் பதிலாகப் புது எண் வந்திருக்கிறதா என்று பட்டியலில் கேளுங்கள். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு: இந்த மாற்று ஒருவழியாகவும் இருக்கலாம். பின்னால் வந்த திருத்தப்பட்ட பாகம் முன்பிருந்த வண்டிக்கும் சேரும்படி செய்திருப்பார்கள். ஆனால் முதலில் வந்த பாகம் பின்னால் வந்த வண்டிக்குச் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்களுடையது 2014, நோஸ் கட் 2016 என்றால் நீங்கள் நல்ல பக்கத்தில் இருக்கிறீர்கள். தலைகீழாக இருந்தால் எண்ணே வாய் திறந்து சொல்லும் வரை காத்திருங்கள்.

எண் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி எதை எப்படி வாங்குவது.

போல்ட் போட்டு மாட்டும் பாகங்களைப் பழையதாக வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. சப்ஃபிரேம் அந்த இனம். ஏப்ரனும் லாங் மெம்பரின் முன்முனையும் வெல்ட் செய்யப்படுபவை, நிபந்தனைகளோடு வாங்கலாம். முன், பின் கதவுகளுக்கு நடுவே நிற்கும் நடு பில்லர், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி ஆகியவற்றை யாருக்கும் பழையதாக வாங்கச் சொல்ல மாட்டேன். இன்றைய கார்களில் அந்த இடங்களில்தான் சூடாக்கி அச்சிட்டு உடனே குளிர்வித்த போரான் எஃகு வருகிறது. அதன் வலிமை ஏறத்தாழ 1500 மெகாபாஸ்கல், சாதாரணத் தகட்டைப் போலப் பல மடங்கு. அதை நடுவில் வெட்டி ஒட்டினால் சூடுபட்ட இடம் மென்மையாகிவிடும், பக்கவாட்டில் மோதும்போது அங்கேதான் உடையும். உங்கள் வண்டிக்கு அந்தத் தேவை வரவில்லை.

சப்ஃபிரேமைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது முதலில் சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்ம் வந்து மாட்டும் இரு காதுகளைப் பாருங்கள். அங்கே தகடு விரிந்திருக்கிறதா, போல்ட் துளை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறதா, துளையைச் சுற்றிப் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பள்ளத்தில் சக்கரம் விழுந்து அடிவாங்கிய வண்டியில் வேறெங்கும் தெரியாத பாதிப்பு இந்த இடத்தில் தெரியும். அடுத்து, ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஸ்டீயரிங் ராக் அமரும் மேடைகளையும், திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் கிளாம்புகளின் நட்டுகளையும் பாருங்கள். துருப்பிடித்த போல்ட்டை முறித்துக் கழற்றியிருந்தால் பதித்த நட்டு உள்ளே சுழன்றுகொண்டிருக்கும். அதைச் சரிசெய்யச் சப்ஃபிரேமின் மூடிய பெட்டியை வெட்டித் திறக்க வேண்டும். எல்லா நட்டுகளிலும் புது போல்ட் ஒன்றைக் கையாலேயே திருகி இறக்கிப் பாருங்கள். அடிப்புறத்தில் ஜாக் வைத்து நசுங்கிய அடையாளம் இருந்தால் ஆழத்தைப் பாருங்கள். மேலோட்டமான நசுங்கலுக்குப் பயப்பட வேண்டாம், மடிப்பு விழுந்திருந்தால் வேண்டாம்.

பிறகு அதைச் சமதளத் தரையிலோ கண்ணாடி மேசையிலோ வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். அது முறுக்கலைக் காட்டும் என்பது உண்மைதான், ஆனால் சப்ஃபிரேமின் நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று விதியில்லை. உங்கள் வளைந்த சப்ஃபிரேமில் கெடாத இடதுபக்கம் இருக்கிறதல்லவா, அதன் துளைக்குத் துளை தூரங்களை எடுத்து வாங்கப் போகும் சப்ஃபிரேமின் இடதுபக்கத்தோடு ஒப்பிட்டால் அது பட்டியல் எண்ணுக்கு அடுத்தபடியான நல்ல சான்று. அதன் பிறகு வாங்கப் போவதன் இரு மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். வலது, இடது ஒத்த துளைகளுக்கு இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்தால் வைத்துவிட்டு வரலாம். எலும்புக்கூட்டு வேலையில் பொதுவாக அனுமதிக்கும் எல்லையே அவ்வளவுதான்.

இனி நோஸ் கட். அதை ஏன் வெட்டினார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பின்பக்கம் மோதி, சரிசெய்வது கட்டாது என்று டோட்டல் லாஸ் ஆன வண்டியின் முன்பகுதி பொன்னானது. உருண்ட வண்டி, தீப்பிடித்த வண்டி, முன்பக்கம் ஏற்கெனவே ஒருமுறை சரிசெய்யப்பட்ட வண்டி ஆகிய மூன்றும் வேண்டாம். முன்பே வேலை நடந்ததைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கம்பெனியின் ஸ்பாட் வெல்ட்டுகள் சிறு வட்டக் குழிகளாக, ஏறத்தாழ சீரான இடைவெளியில் வரிசையாக நிற்கும். டிங்கர் செய்தது அந்த இடத்தில் மேடாகவோ, கிரைண்டர் ஓடிய வழவழப்பாகவோ தெரியும். மூட்டுகளில் பூசிய சீலர் கம்பெனியில் ஒரே அகலமாக ஓடியிருக்கும். கையால் பூசியது விரல் தடத்தைக் காட்டும். சந்தேகமிருந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். பட்டி போட்ட இடத்தில் பிடிப்பு குறையும்.

லாங் மெம்பரின் முன்பகுதியில் தகட்டில் சிறு பள்ளங்களும் மடிப்புகளும் வேண்டுமென்றே போடப்பட்டிருக்கும். மோதலில் அங்கே தொடங்கி மடங்க வேண்டும் என்பதற்காகவே வைத்த பள்ளங்கள் அவை. சில டிங்கர்கள் அவற்றை அடிபட்ட நெளிவு என்று எண்ணித் தட்டி நிமிர்த்திவிடுவார்கள், அல்லது "பலமா இருக்கட்டும்" என்று மேலே பட்டைத் தகடு வைத்து வெல்ட் அடிப்பார்கள். அப்படிச் செய்த துண்டை வாங்கவே கூடாது. அங்கே மடங்காத விசை நேராக உள்ளே இருப்பவரிடம் போகும். வடிவமைத்த பள்ளம் வலது, இடது இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும், பெயின்ட் வெடித்திருக்காது. அடிபட்ட நெளிவு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், அதன் உச்சியில் பெயின்ட் உதிர்ந்திருக்கும்.

வெட்டிய விதம் அடுத்தது. கேஸ் கட்டரால் வெட்டிய துண்டுகளே சந்தையில் அதிகம், வேகமாக வேலை முடியும் என்பதால். வெட்டுவாயைச் சுற்றித் தகடு நீலமும் கருப்புமாக நிறம் மாறியிருக்கும். உயர்வலிமை எஃகுக்கு அந்தச் சூடு ஆகாது, துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சும் எரிந்துபோயிருக்கும். ஆகவே உங்களுக்குத் தேவையான மூட்டிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வெட்டப்பட்ட துண்டைத்தான் எடுக்க வேண்டும். எரிந்த ஓரத்தை ஒர்க்‌ஷாப்பில் பிளேடால் அறுத்துத் தள்ளிவிடலாம். வலது ஏப்ரன் மட்டும்தானே வேண்டும் என்று கடையிலேயே பிரித்து வெட்டித் தரச் சொல்லாதீர்கள். ரேடியேட்டர் சப்போர்ட்டும் இரண்டு லாங் மெம்பர்களும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் வரைதான் அந்தத் துண்டு தன் வடிவத்தில் நிற்கிறது, அளவெடுப்பதற்கும் அப்போதுதான் பொருள் உண்டு. பிரித்தபின் ஏப்ரன் தளர்ந்த தகடு. முழுதாகக் கொண்டுவந்து, இரு ஷாக் அப்சார்பர் மேடைகளின் துளைகளுக்கு இடையிலான தூரத்தையும் அங்கிருந்து எதிர்ப்பக்க லாங் மெம்பர் முனைக்கான மூலைவிட்டங்களையும் டிராம் கேஜ் என்ற நீண்ட அளவுகோலை வைத்து எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பாடி ரிப்பேர் கையேட்டில் இதே தூரங்கள் எண்ணாகவே இருக்கும். நல்ல ஒர்க்‌ஷாப் அதைக் காட்டும். அதன் பிறகே ஸ்பாட் வெல்ட்டுகளைத் துளையிட்டுக் கழற்றி, கம்பெனி போட்ட மூட்டிலேயே புதுத் துண்டை வைக்க வேண்டும்.

சென்னையில் வாங்குபவர்கள் வெள்ளத்தை மறக்கக் கூடாது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் மூழ்கிய வண்டிகள் ஏராளம்; அவற்றில் பல உடைப்புக்குப் போயின. அப்படிப்பட்ட வண்டியின் முன்பகுதி மோதலே காணாததாக, அளவெல்லாம் மிகச் சரியாக இருக்கும். பிரச்சினை மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. லாங் மெம்பரின் அடித்துளைகளில் விரலை விட்டுச் சுரண்டிப் பாருங்கள். மென்மையான, நீர் வடிந்து காய்ந்த வண்டல் வந்தால் அது உள்ளிருந்து அரிக்கத் தொடங்கிவிட்ட துண்டு. போனில் மாட்டும் சிறு எண்டோஸ்கோப் கேமரா இப்போது மலிவாகவே கிடைக்கிறது, உள்ளே விட்டுப் பார்த்துவிடலாம். கடலோர ஊர்களில் ஓடிய வண்டிக்கும் இதே சோதனைதான்.

ஏர்பேக் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல்தான் கட்டாயம். அதற்கு முன் ஒரே மாடலில் ஏர்பேக் உள்ள வகையும் இல்லாத வகையும் அருகருகே விற்றன. முன்பக்க மோதல் உணரி உள்ள வண்டிகளில் அது ரேடியேட்டர் சப்போர்ட்டிலோ லாங் மெம்பர் முனையிலோ அமரும். அதற்கான பிடிமானமும் துளையும் இல்லாத வகையிலிருந்து வெட்டிய துண்டு உங்கள் வண்டியில் உணரியை ஒயரில் தொங்கவிடும், அல்லது யாரோ ஒரு ஸ்குரூவில் வேறெங்கோ பிடித்துவைப்பார்கள். இரண்டுமே ஆபத்து. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்பதைச் சேஸ் எண்ணை வைத்தே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வேறு மாடல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: முன்மோதல், பக்கமோதல் சோதனைகளுக்கான இந்திய வாகனத் தரநிலைகளான ஏ.ஐ.எஸ். 098, 099 இரண்டும் புது மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 அக்டோபரிலும் கட்டாயமாயின. அந்தக் காலத்தைத் தாண்டி விற்ற மாடல்களில் வெளித்தோற்றம் மாறாமல் உள்ளே வலுத்தகடுகள் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. 2016 துண்டை 2020 வண்டியில் வைக்குமுன் எண் ஒப்பீடு இன்னும் கண்டிப்பாகத் தேவை.

இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வரி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ஜப்பானிய நோஸ் கட்டுகளில் இதே தலைமுறை ஸ்விஃப்ட், இசட்.சி.72.எஸ் என்ற குறியோடு வரும். அச்சுத் தூரம் ஒன்றுதான், ஆனால் பெரும்பாலும் சி.வி.டி. என்ற தானியங்கி கியர்பாக்ஸ் உள்ள வண்டிகள்; இந்தியாவில் செய்த மேனுவல் வண்டிக்கு மவுண்டிங் பக்கத்தை எண் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

சட்டப் பக்கத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே, ஆனால் பெரியது. சேஸ் எண் பல கார்களில் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரிலோ, முன் இருக்கைக்கு அடியில் தரையிலோ பொறிக்கப்பட்டிருக்கும். நோஸ் கட்டைத் தடுப்புச் சுவரோடு சேர்த்து வெட்டியிருந்தால் வேறொரு வண்டியின் எண் உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேரும். அந்தப் பகுதியை வண்டியில் வைக்கவே கூடாது. உங்கள் எண் உள்ள தகட்டை வெட்டி எடுத்து அதில் ஒட்டுவது இன்னும் மோசம், அது எண்ணைத் திருத்திய குற்றமாகவே பார்க்கப்படும். எண் சுரண்டப்பட்ட துண்டு என்றால் திருட்டு வண்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்திருக்கக் காரணம் இருந்தோ வாங்குவது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் வருகிறது. 2021-இன் வாகன உடைப்பு மைய விதிகளுக்குப் பிறகு பதிவுபெற்ற மையங்கள் வண்டியை உடைத்ததற்குச் சான்றிதழ் தருகின்றன; அந்த எண்ணைக் காட்டக்கூடிய விற்பனையாளர் கிடைத்தால் சற்று அதிக விலை கொடுத்தாலும் தகும். பில்லில் எந்த வண்டியின் பாகம் என்பதை எழுதி வாங்குங்கள். காப்பீட்டில் வேலை செய்வதென்றால் பழைய பாகம் போடப்போவதை மதிப்பீட்டாளரிடம் முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே வண்டியை வெட்டவிடுங்கள். வெட்டியபின் சொன்னால் பேச்சே வேறாகிவிடும்.

விலை பேசும்போது, "சேரவில்லை என்றால் திருப்பித் தருவேன்" என்ற நிபந்தனையைப் பேசுங்கள், ஆனால் "வெல்ட் செய்வதற்கு முன்" என்ற எல்லையோடு. அது கடைக்காரருக்கும் நியாயம். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது வெறும் பொருத்திப் பார்க்கும் வேலை: ஏப்ரனைக் கிளாம்பில் பிடித்து, சப்ஃபிரேமைத் தளர்வாக மாட்டி, ஃபெண்டர், பானட், ஹெட்லைட், பம்பர் நான்கையும் வைத்து இடைவெளிகளைப் பார்க்க வேண்டும். பானட் இடைவெளி சீராக வந்து, மூலைவிட்ட அளவும் 3 மில்லிமீட்டருக்குள் வந்தால் வெல்ட் செய்யச் சொல்லலாம். இடைவெளி மட்டும் சரியாக வந்து அளவு வராவிட்டால் அளவைத்தான் நம்ப வேண்டும். பானட்டைக் கீலில் தள்ளி வைத்து எந்த இடைவெளியையும் அழகாக்கிவிடலாம்.

வேலை முடிந்ததும் அலைன்மென்ட் எடுக்கும்போது "டோ", அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். அதை ஏற்காதீர்கள். ஸ்விஃப்டில் முன்சக்கரங்களின் கேம்பரையும் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) காஸ்டரையும் (பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) திருகிச் சரிசெய்யும் வசதி கிடையாது. அவை சப்ஃபிரேமும் ஏப்ரன் மேடையும் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்துத் தாமாக அமைபவை. அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி, அந்த இரண்டு எண்களையும் வலது, இடது ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் சப்ஃபிரேம் போல்ட்டுகளைத் தளர்த்தி மையப்படுத்தி மறுபடி முறுக்கச் சொல்லுங்கள், ஏனெனில் அந்தத் துளைகளில் சில மில்லிமீட்டர் விளையாட்டு இருக்கும். அப்படிச் செய்தும் எண் நகரவில்லை என்றால் சப்ஃபிரேம் வளைந்தது அல்லது ஏப்ரன் தவறான இடத்தில் வெல்ட் ஆகியிருக்கிறது. டிங்கரின் கடைசித் தவணைப் பணத்தை அந்தத் தாள் கைக்கு வந்தபின் கொடுப்பது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.